தொட்டகாஜனூரிலிருந்து பார்த்தால்: ராஜ்குமாரும் சந்தனக் காடும்

நம் பக்கத்தில் ராஜ்குமார் பேரைச் சொன்னால் வருகிற முதல் பதில், ‘வீரப்பன் புடிச்சுட்டுப் போனானே, அவருதானுங்களே’ என்பதுதான். சினிமா பற்றி எழுதுகிற நம் நண்பர்களும் இதற்கு விலக்கில்லை. குரோசாவாவைப் பற்றி எழுதுவார்கள், ரித்விக் கட்டக்கை முன்வைத்துச் சண்டை போடுவார்கள். சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, பண்ணாரி தாண்டி, திம்பத்தின் இருபத்தேழு கொண்டைஊசி வளைவுகளையும் கடந்தால் வருகிற ஒரு ஊரில் பிறந்தவர் அரை நூற்றாண்டுக் காலம் ஒரு மொழியின் முகமாக இருந்தார் என்பது மட்டும் நம் கணக்கில் வராது. கன்னடத்துக்காரர்களிடம் கேட்டால் நேர்மாறாக இருக்கும். அவர்களுக்கு அவர் ‘அண்ணாவரு’. இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள், ராஜா வேஷம், பக்தர் வேஷம், பாட்டு, தாதா சாகேப் பால்கே விருது. கடத்தல் என்பது நல்ல கதைக்கு நடுவில் யாரோ செருகிவிட்ட கெட்ட அத்தியாயம். அதைச் சீக்கிரம் புரட்டிவிட்டு மேலே போய்விட வேண்டும்.

இந்த இரண்டு வாசிப்புகளும் ஒரே இடத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன. அந்த இடம்தான் தாளவாடி. ராஜ்குமாரின் திரைவாழ்வை பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வாசிக்காமல் தாளவாடி பக்கத்துத் தொட்டகாஜனூரிலிருந்து வாசித்தால் என்ன தெரியும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ராஜ்குமார் பிறந்தது 1929 ஏப்ரல் 24. அப்போது பேர் முத்துராஜ். அன்று காஜனூர் இருந்தது மெட்ராஸ் ராஜதானி, கோயம்புத்தூர் ஜில்லா. அவர் பேருக்கு முன்னால் வருகிற சிங்கநல்லூர், கோவைக்காரர்கள் நினைக்கிற மாதிரி நம்ம சிங்காநல்லூர் இல்லை. கொள்ளேகால் பக்கத்துச் சிங்கநல்லூர். ஆனால் வேடிக்கை என்னவென்றால் கொள்ளேகாலும் அன்று கோயம்புத்தூர் ஜில்லாதான். 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலப் பிரிவினை வந்தபோது கொள்ளேகால் மைசூருக்குப் போனது. அதே கன்னடம் பேசுகிற தாளவாடி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. பிறகு கோவையிலிருந்து 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிந்தது, அது ஈரோடு மாவட்டமானது, 2016-இல் தாளவாடி தனி வட்டமானது. ஆவணங்களில் பேர் மாறிக்கொண்டே இருக்க, ஊர் மட்டும் அங்கேயே கிடக்கிறது. தாளவாடியில் டீக்கடைக்காரரிடம் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். அவர் அப்படியே பக்கத்திலிருப்பவர்பக்கம் திரும்பிப் பேசுவது கன்னடத்தில். கன்னடவழிப் பள்ளிகளும் உண்டு. மலையின் உள்ளே சோளகர், ஊராளி மக்களுக்கு இந்த இரண்டு மொழிகளில் எதுவும் முழுக்கச் சொந்தமில்லை. மொழிவாரி மாநிலம் என்ற பெருங்கதையாடலில் இப்படிப்பட்ட ஊர்கள் எழுத்துப்பிழைகள்.

அந்த எழுத்துப்பிழையிலிருந்து போனவர்தான் ஒரு மொழிக்கு எழுத்திலக்கணமாக ஆனார். இது எப்படி நடந்தது?

அப்பா புட்டசாமய்யா நாடக நடிகர். பையனுக்குப் பள்ளிப் படிப்பு நாலு வகுப்பைத் தாண்டவில்லை. குப்பி வீரண்ணா கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தான். நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளைப் போலத்தான் அதுவும்: சோறு, அடி, பாட்டு, உச்சரிப்பு. இந்த உச்சரிப்பு என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனி நாடக மொழி எந்த ஊர் மொழியும் இல்லை. மைசூர்ப் பேச்சும் இல்லை, தார்வாட் பேச்சும் இல்லை. எல்லா ஊர் மேடையிலும் செல்லுபடியாக வேண்டிய ஒரு பொதுமொழி அது. இன்னும் கர்நாடகம் என்று ஒரு மாநிலம் உருவாகாத காலத்திலேயே அந்த மாநிலத்தின் மொழியைக் கம்பெனிகள் பேசிக்கொண்டிருந்தன. பம்பாய் ராஜதானி, ஹைதராபாத், மெட்ராஸ், குடகு, மைசூர் என்று சிதறிக் கிடந்தவர்கள் எல்லோரும் ‘இது எங்க மொழி’ என்று ஏற்கத்தக்க குரல் ஒன்று தேவைப்பட்டது. அந்தக் குரல் தாளவாடியிலிருந்து வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பெங்களூர்க்காரனுக்குத் தன் கன்னடத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. எல்லைக்காரனுக்கு உண்டு. ராஜ்குமாரின் திரைக் கன்னடத்தில் காஜனூர் வாடை துளியும் கிடையாது. அந்தத் துடைத்தெடுத்த சுத்தம்தான் எல்லைக்காரனின் அடையாளம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அவர் ஈடிக சமூகத்தவர். கள்ளிறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்ட சாதி. லிங்காயத்தும் ஒக்கலிகரும் அரசியலையும், பிராமணர்கள் எழுத்தையும் பத்திரிகையையும் கையில் வைத்திருந்த ஒரு பொதுவெளியில், பிற்படுத்தப்பட்ட சாதிக்காரர் ஒருவர் கிருஷ்ணதேவராயராகவும் (1970) மயூர வர்மனாகவும் (1975) நின்றார். 1976-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. நாலாங்கிளாஸ் படித்தவருக்குப் பல்கலைக்கழகம் தலைவணங்கிய அந்தக் காட்சி கன்னட நாட்டின் எளிய மக்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். இந்த விடுதலைக் கூறை மறைத்துவிட்டு ‘வெறும் நட்சத்திர வழிபாடு’ என்று தள்ளுகிற மேட்டிமை விமர்சனம் எனக்கு உடன்பாடில்லை. எம்ஜிஆர் ரசிகனைப் பற்றி நம் இடதுசாரிகள் பேசிய பேச்சை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் இந்த விடுதலைக்கும் ஒரு விலை இருந்தது. கள்ளிறக்குகிற சாதியின் பிள்ளை திரையில் குடிக்காத, சிகரெட் தொடாத, கெட்ட வார்த்தை பேசாத உத்தமனாகவே கடைசிவரை இருக்க வேண்டியிருந்தது. உயர்சாதி நடிகனுக்குக் கிடைக்கிற அழுக்காகும் உரிமை அவருக்கு இல்லை.

*

1954-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் கோவை பக்ஷிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘மலைக்கள்ளன்’ வந்தது. மலையில் ஒளிந்திருக்கிற கொள்ளைக்காரன் உண்மையில் நல்ல மனிதன், கௌரவமான மனிதன் என்கிற கதை. எம்ஜிஆரின் பிம்பம் உறுதிப்பட்டது அதில்தான். நாயுடு அதையே மற்ற மொழிகளிலும் எடுத்தார். கன்னடத்தில் ‘பெட்டத கள்ள’ (1957). அதே 1954-இல், எச்.எல்.என். சிம்ஹா இயக்கிய ‘பேடர கண்ணப்பா’ வந்தது. முத்துராஜ் அதில்தான் ராஜ்குமார் ஆனார். ஒரே வருஷம், ஒன்று மலைக்கள்ளன், இன்னொன்று மலைவேடன்.

கண்ணப்பன் நமக்குப் பெரியபுராணக் கண்ணப்பன்தான். ஆகமம் தெரியாத வேடன், வாயில் தண்ணீர் கொண்டுவந்து துப்பி அபிஷேகம் செய்து, மென்று ருசிபார்த்த இறைச்சியைப் படைத்து, கடைசியில் கண்ணைப் பிடுங்கி அப்பியவன். பக்தி இயக்கப் பிரதிகளிலேயே மிகக் கலகமான இடம் இது என்று பலர் எழுதியாயிற்று. படம் என்ன செய்கிறது என்றால் திண்ணனை வெறும் வேடனாக விட்டுவைக்காமல், சாபத்தால் பூமியில் வந்து பிறந்த தேவனாக்கிவிடுகிறது. வேடன் வேடனாகவே கடவுளைத் தொட்டுவிட்டால் சிக்கல். அவன் உள்ளுக்குள் வேறொருவன் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மலைக்கள்ளனும் இதே சூத்திரம்தானே? காட்டுக்காரன் நல்லவனாக இருந்தால் அவன் காட்டுக்காரனாக இருக்க முடியாது. இரண்டு மொழி சினிமாவும் ஒரே வருஷத்தில் இந்த ஒரே இலக்கணத்தைப் போட்டுவைத்தன. பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் இது அடித்தளம்.

இதெல்லாம் பெரும்பாலும் சென்னையில் நடந்தது என்பதை மறக்கக்கூடாது. கன்னட சினிமாவின் பிள்ளைப்பருவம் கோடம்பாக்கத்தில்தான் கழிந்தது. ராஜ்குமாரின் குடும்பமும் பல வருஷம் சென்னையில் இருந்தது. பிள்ளைகள் சிவராஜ்குமாரும் புனீத்தும் பிறந்தது அங்கேதான். அவருக்குப் பின்னணி பாடியவர் பி.பி. ஸ்ரீநிவாஸ். ஜி.கே. வெங்கடேஷிடம் கன்னடப் படங்களுக்கு உதவியாளராக உழைத்துத்தான் இளையராஜா தொழில் பழகினார். ‘கஸ்தூரி நிவாஸ’ (1971) கதையை எழுதியவர் ஜி. பாலசுப்ரமணியம், அது ‘அவன்தான் மனிதன்’ (1975) ஆகச் சிவாஜிக்கு வந்தது. மொழித்தூய்மைவாதிகள் இரண்டு பக்கமும் இதைக் கேட்க விரும்பமாட்டார்கள். விடுங்கள்.

கொங்குக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் ‘ரணதீர கண்டீரவ’ (1960). கன்னட சினிமா தடுமாறிக்கொண்டிருந்தபோது ராஜ்குமார், ஜி.வி. ஐயர், பாலகிருஷ்ணா, நரசிம்மராஜு ஆகிய நடிகர்கள் கூடித் தாங்களே தயாரித்த படம். பின்னாளில் ‘ஹம்சகீதெ’, ‘ஆதி சங்கராச்சார்யா’ எடுத்த அதே ஜி.வி. ஐயர்தான். படத்தின் நாயகன் பதினேழாம் நூற்றாண்டு மைசூர் மன்னன் கண்டீரவ நரசராஜ உடையார். திருச்சிக்கு மாறுவேடத்தில் போய் அங்கிருந்த மல்லனை வீழ்த்தினான் என்பது அவனைப் பற்றிய புகழ்பெற்ற கதை. கன்னடப் பிள்ளைகளுக்கு அவன் வீரன். நமக்கு? நம் பாடப்புத்தகத்தில் அவனுக்குப் பேரே கிடையாது. ‘மைசூர்ப் படை’ மட்டும்தான் உண்டு. திருமலை நாயக்கர் காலத்தில் சத்தியமங்கலம் வழியாக இறங்கி வழியெல்லாம் மூக்கை அறுத்துக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார்களே, அந்த மூக்கறுப்புப் போரின் மைசூர் மன்னன் இவன்தான். இங்கே மூக்கறுத்தவன், அங்கே ரணதீரன். ஆனால் இரண்டு கதைகளுக்கும் நடுவில் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சத்தியமங்கலத்துக்காரன் அன்று யார் பக்கம் இருந்தான்? அவனை யாராவது கேட்டார்களா? கோட்டை கைமாறும்போதெல்லாம் வரி கட்டினவன் அவன்தான். மலையேறி வரும் எந்தப் படைக்கும் அவன்தான் அரிசி கொடுக்க வேண்டும். 1990-களிலும் அதேதான் நடந்தது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

‘பங்காரத மனுஷ்ய’ (1972) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படித்தவன் ஊருக்குத் திரும்பிக் கல்லுத் தரையை வெட்டி வயலாக்குகிறான். கடைசியில் சொந்தக்காரர்களாலேயே சந்தேகிக்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். பெங்களூரில் இரண்டு வருஷம் ஓடியது. கிணறு வெட்டி வெட்டியே பெரியாளான நம் கொங்கு விவசாயிக்கு இந்தப் படம் சொந்தக்கதை மாதிரி இருக்கும். அந்த வயலில் வேலை செய்த பண்ணையாட்கள் எங்கே என்று தேடினால் கிடைக்கமாட்டார்கள். அதுவும் நம் கதை மாதிரியேதான்.

*

இந்தத் திரைவாழ்வின் மையமான பிரதி என்று நான் கருதுவது ‘கந்தத குடி’ (1973). சந்தனக் கோயில் என்று பொருள். ராஜ்குமார் அதில் காட்டிலாகா அதிகாரி. காட்டையும் மிருகங்களையும் சூறையாடுகிறவர்களை எதிர்த்துச் சண்டை போடுகிறார். சின்ன வயதில் பிரிந்துபோன தம்பி (விஷ்ணுவர்தன்) எதிர்ப்பக்கம் நிற்கிறான். படத்தின் புகழ்பெற்ற பாட்டு கன்னட மொழியையும் கன்னட நாட்டையும் காட்டையும் ஒன்றாக்கி, இதுவே சந்தனக் கோயில் என்கிறது. ஜீப்பில் காட்டுப் பாதையில் போய்க்கொண்டே பாடுகிற பாட்டு. இன்றும் நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவத்துக்கு ஊர் ஊராக ஒலிப்பது.

இங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். காடு என்பது கோயில். கோயிலுக்குப் பூசாரி வனத்துறை அதிகாரி. கோயில் யாருடையது? மொழியுடையது. அப்படியென்றால் காட்டில் இருக்கிற மற்ற ஆட்கள்? அவர்கள் ஒன்று திருடர்கள் அல்லது நடனம் ஆடுகிற பின்னணி. காட்டுச் சட்டம் வந்து விறகு பொறுக்குவதையும் தேன் எடுப்பதையும் குற்றமாக்கிய பிறகு, தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவன் சொந்த வீட்டில் அத்துமீறியவன் ஆனான். இந்தச் சட்டக் கருத்தியலைப் பக்தியாக மாற்றிக் கொடுத்த படம் ‘கந்தத குடி’. காக்கிச் சட்டையை மொழிப்பற்றின் உடுப்பாக ஆக்கிவிட்டது. இதைச் சாதித்தது ராஜ்குமாரின் முகம். வேறு யார் போட்டிருந்தாலும் அது காக்கிச் சட்டையாக மட்டுமே இருந்திருக்கும்.

1982-இல் கோகாக் கிளர்ச்சி. பள்ளிக்கூடத்தில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டு எழுத்தாளர்கள் தொடங்கிய இயக்கம், ராஜ்குமார் இறங்கியதும் மக்கள் இயக்கமாயிற்று. மாநிலம் முழுக்கச் சுற்றினார். கூட்டத்தைப் பார்த்து அரசாங்கம் நடுங்கியது. 1983 தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. ஆந்திரத்தில் அதே நேரத்தில் என்டிஆர் முதலமைச்சரானார். ராஜ்குமார் மட்டும் கட்சி தொடங்கவில்லை, தேர்தலில் நிற்கவில்லை. எம். மாதவ பிரசாத் 2014-இல் வந்த ‘சினி-பாலிடிக்ஸ்’ நூலில் எம்ஜிஆர், என்டிஆர், ராஜ்குமார் மூவரையும் சேர்த்து வாசிக்கிறார். இறையாண்மை இல்லாத மொழித்தேசியங்களுக்கு நட்சத்திரம் ஒரு பதிலி அரசனாக இருக்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு இது பெருமளவு சரியென்றே படுகிறது. ஆனால் மூன்றாமவர் ஏன் சிம்மாசனத்தில் உட்காரவில்லை என்ற கேள்விக்கு அடக்கம், பயம், குடும்பம் என்று சொல்லப்படுகிற காரணங்களோடு இன்னொன்றையும் சேர்க்கத் தோன்றுகிறது. எம்ஜிஆரை மலையாளி என்று சொல்லித்தான் எதிரிகள் அடித்தார்கள். ராஜ்குமார் பிறந்த ஊர் வரைபடத்தில் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஓட்டுக் கேட்கப் போனால் முதலில் கேட்கப்படுவது ஊர். அரசனாக இருக்கிற வரை ஊர் வேண்டாம், வேட்பாளனுக்கு வேண்டும். இதற்கு என்னிடம் ஆவணம் இல்லை, ஊகம்தான்.

அந்த ஊரை அவர் கைவிடவும் இல்லை. காஜனூரில் நிலம் இருந்தது, வீடு இருந்தது, அடிக்கடி போய்க்கொண்டிருந்தார். ரசிகர்களை ‘அபிமானி தேவருகளே’ என்று தெய்வமாக விளித்தவர், தன் ஊருக்கு வந்தால் வேட்டி கட்டிய விவசாயி. புது வீட்டுப் புகுவிழாவுக்காக வந்திருந்தபோதுதான் 2000 ஜூலை 30 இரவு வீரப்பன் ஆட்கள் வந்தார்கள். அவரையும் மருமகன் கோவிந்தராஜ், உறவினர் நாகேஷ், உதவி இயக்குநர் நாகப்பா ஆகியோரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ‘கந்தத குடி’ வந்து இருபத்தேழு வருஷம். சந்தனக் கோயிலின் பூசாரி, சந்தனக் கடத்தல்காரன் கையில்.

பெங்களூர் ஸ்தம்பித்தது. அங்கிருந்த தமிழர்கள் 1991 டிசம்பரை நினைத்து நடுங்கினார்கள். காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டித் தமிழர் குடியிருப்புகள் எரிந்து அப்போது ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை. எஸ்.எம். கிருஷ்ணாவும் கருணாநிதியும் சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். நக்கீரன் கோபால் காட்டுக்குப் போனார்; பின்னர் நெடுமாறன், கல்யாணி, சுகுமாரன் போனார்கள். வீரப்பன் அனுப்பிய கோரிக்கைப் பட்டியலை இப்போது எடுத்துப் படித்தாலும் விசித்திரமாகத்தான் இருக்கிறது. காவிரி, கர்நாடகத்தில் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி, பெங்களூரில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை. இவற்றோடு நீலகிரியில் பச்சைத் தேயிலைக்கு விலை, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் கூலி, வாச்சாத்திப் பெண்களுக்கு நிவாரணம், அதிரடிப்படையின் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு இழப்பீடு, மைசூர்ச் சிறையில் தடா கைதிகளாகக் கிடப்பவர்களின் விடுதலை.

தமிழ்த்தேசிய நண்பர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்துப் புளகாங்கிதம் அடைந்தார்கள். யானையையும் மனிதரையும் கொன்ற ஒருவன் திடீரென்று தமிழர் தலைவன் ஆனான். இந்த மயக்கத்தை நான் ஏற்கவில்லை. அவனுக்குத் தகவல் சொன்னதாகச் சந்தேகிக்கப்பட்டுச் செத்தவர்களும் ஏழை மலைவாசிகள்தான். ஆனால் பட்டியலின் பின்பாதி உண்மை. அந்த உண்மையைச் சொல்வதற்கு ஒரு துப்பாக்கியும் ஒரு நட்சத்திரமும் தேவைப்பட்டதுதான் வெட்கக்கேடு.

ஏனென்றால் அதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த விஷயம். 1993 முதல் இரு மாநில அதிரடிப்படை மாதேஸ்வரன் மலையிலும் மற்ற முகாம்களிலும் என்ன செய்தது என்பது மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் இருந்தது. மாதேஸ்வரன் மலை முகாமுக்கே ‘ஒர்க்‌ஷாப்’ என்றுதான் பேர். மின்சாரம் பாய்ச்சுவது, தலைகீழாகத் தொங்கவிடுவது, பெண்களை வன்புணர்வது. தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா, முன்னாள் சிபிஐ இயக்குநர் சி.வி. நரசிம்மன் இருவரையும் வைத்துக் குழு போட்டது. தடா கைதிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் வருஷக்கணக்கில் ஜாமீன் இல்லாமல் கிடந்தார்கள். அவர்களில் பலர் காஜனூருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஊர்க்காரர்கள், தமிழும் கன்னடமும் பேசுகிறவர்கள். ராஜ்குமாரின் மண்ணின் ஆட்கள். அவர்களுக்காக எந்த ஊரிலும் கடையடைப்பு நடந்ததில்லை. கோவையிலும் நடந்ததில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

108 நாளில் இது கொஞ்சநேரம் வெளிச்சத்துக்கு வந்தது. தடா வழக்கைக் கைவிட கர்நாடக அரசு முன்வந்தது. வீரப்பனால் கொல்லப்பட்ட போலீஸ் அதிகாரி ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம் உச்ச நீதிமன்றம் போனார். விடுதலைக்குத் தடை வந்தது. அந்தத் தகப்பனின் துயரத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். ஒரு நடிகருக்காக அரசு சட்டத்தை வளைக்கிறதே என்று நீதிமன்றம் கேட்டது நியாயம். விசாரணையே முடியாமல் ஏழெட்டு வருஷம் உள்ளே வைத்திருந்ததும் ஒரு வளைப்புதானே என்று திருப்பிக் கேட்க யாருமில்லை. 2001-இல் அந்த வழக்கு முடிந்தபோது பெரும்பாலானவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

நவம்பர் 15-இல் ராஜ்குமார் வெளியே வந்தார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துபோனது. இரண்டு மாநிலப் பத்திரிகைகளும் பணம் எவ்வளவு கைமாறியது என்று எழுத ஆரம்பித்தன. மலைக்காரர்கள் மறுபடியும் பின்னணிக்குப் போனார்கள். அந்தப் பின்னணியை முன்னால் கொண்டுவந்து நிறுத்திய காரியத்தை 2004-இல் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ செய்தது. பவானிப் பக்கத்து வழக்கறிஞர் எழுதிய நாவல். ‘கந்தத குடி’யையும் ‘சோளகர் தொட்டி’யையும் ஒருசேர வாசிக்க வேண்டும் என்பது என் சிபாரிசு. ஒரே காடு. முன்னதில் ஜீப்பின் உள்ளிருந்து காடு தெரிகிறது. பின்னதில் தொட்டியின் குடிசை வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஜீப் வருவது தெரிகிறது.

ராஜ்குமாரின் நடிப்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘சனாதி அப்பண்ணா’வில் (1977) ஷெனாய்க் கலைஞனாக வருவார், வாசித்தது பிஸ்மில்லா கான். அந்த மூச்சடக்கம், கன்னம் உப்புவது, வாசித்து முடித்த பிறகு கண்ணில் ஒரு நொடி தங்குகிற வெறுமை, இதெல்லாம் கம்பெனி நாடகத்தில் கற்றது இல்லை. சாதி கீழே தள்ளிய ஒரு கலைஞனின் உடம்பை அவர் அறிந்திருந்தார். ‘ஜீவன சைத்ர’ (1992) படப் பாட்டுக்குப் பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது வந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. இப்படிப்பட்ட நடிகனுக்கு ஒரு வேடனை வேடனாகவே, ஒரு காஜனூர்க்காரனைக் காஜனூர்க்காரனாகவே நடிக்க ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மொழியின் முகமாக இருப்பவனுக்குச் சொந்த முகம் அனுமதிக்கப்படுவதில்லை. கடத்தலுக்குப் பிறகு அவர் கதாநாயகனாக நடிக்கவும் இல்லை. 2000-இல் வந்த ‘சப்தவேதி’தான் கடைசி.

2006 ஏப்ரல் 12-இல் இறந்தார். கண்ணப்பனாக நடிக்க வந்தவரின் கண்களைத் தானமாக எடுத்தார்கள். பெங்களூர் எரிந்தது, போலீஸ்காரர் ஒருவர் உட்பட எட்டுப் பேர் செத்தார்கள். அடுத்த வருஷம், 2007 ஜனவரியில், சதாசிவா குழு அறிக்கையின் பேரில் மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. எந்த அதிரடிப்படை அதிகாரிமீதும் வழக்கு வரவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே, 2004-இல் வீரப்பனைக் கொன்றதற்காக, பரிசும் பதவி உயர்வும் வந்திருந்தன. 2009-இல் பெங்களூர் அல்சூரில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. பதிலுக்குச் சென்னையில் சர்வக்ஞர் சிலை. பட்டியலில் இருந்ததில் சிலை வைப்பதுதான் இரண்டு அரசுக்கும் சுலபமான கோரிக்கையாக இருந்திருக்கிறது.

2013-இல் சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகமானது. வன உரிமைச் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது. பட்டா கேட்டு சோளகர்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைவது தொடர்கிறது. 2021-இல் திடீரென்று மறைந்த புனீத் ராஜ்குமார் கடைசியாக நடித்து, 2022-இல் வெளிவந்த ஆவணப்படத்துக்கும் பேர் ‘கந்தத குடி’தான். அப்பாவின் கோயிலைப் பிள்ளை கும்பிடுகிறார். புலி, யானை, அருவி, கடல், வானிலிருந்து எடுத்த காடு. மிக அழகான படம். ராஜ்குமாரின் மகன் என்பதால் ஜனங்கள் அழுதுகொண்டே பார்த்தார்கள்.

கடத்தல் வழக்கு கோபிசெட்டிபாளையம் நீதிமன்றத்தில் பதினெட்டு வருஷம் நடந்தது. ராஜ்குமார் குடும்பத்தார் யாரும் வந்து சாட்சி சொல்லவில்லை. வீரப்பன் உட்படச் சிலர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். 2018 செப்டம்பர் 25-இல் மிச்சமிருந்த ஒன்பது பேரையும், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று கோர்ட் விடுதலை செய்தது. தீர்ப்பைக் கேட்டுவிட்டு அவர்கள் பஸ் ஏறி ஊருக்குப் போனார்கள்.